போய் வந்தவளின் சொல்லுக்கு என்ன எடை?

பழைய முதலாளியைக் குறைசொல்லாதே என்பது வேலை தேடுகிறவர்களுக்கு ஓதப்படும் முதல் பாடம். நேர்முகத் தேர்வு மேசையில் அது நல்ல புத்திதான். அங்கே கேட்பவர் அடுத்த முதலாளி. போன இடத்தைத் திட்டுகிறவன் நாளைக்கு நம்மையும் திட்டுவான் என்று அவர் கணக்குப் போடுவார். கேட்பவர் முதலாளியாக இல்லாமல், அதே வேலைக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு தொழிலாளியாக இருக்கும்போதும் இந்தப் புத்தி செல்லுமா? செல்லாது என்பது என் கட்சி. ஆனால் அப்படிச் சொல்லிவிட்டதால் வேலை முடிந்துவிடாது. போய் வந்தவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம், யாரைப் பற்றிச் சொன்னால் யாருக்குப் பயன், எங்கே சொன்னால் வழக்கில் மாட்ட நேரும் என்பவை தனித்தனிக் கேள்விகள். "அனுபவத்தைப் பகிருங்கள்" என்று கருத்தரங்குகளில் கேட்டுக்கொள்கிறவர்கள் இவற்றை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். மூட்டையை அவிழ்த்துப் பார்க்க இலங்கையின் கந்தளாய் பொருத்தமான ஊர்.

கந்தளாயில் இந்தக் கேள்வி ஒரு காலத்தில் இவ்வளவு சிக்கலாக இருந்திருக்காது. சீனித் தொழிற்சாலை 1960இல் தொடங்கி ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் ஊரின் பெரிய முதலாளி எல்லார் கண்ணெதிரிலும் நின்றது. எந்தப் பகுதியில் மேலதிக நேரக் காசு கிடைக்கும், எந்த அதிகாரி முன்கோபக்காரர் என்பதைப் புதிதாகச் சேருகிறவன் விசாரித்து அறிய வேண்டியதில்லை. அப்பனோ மாமனோ உள்ளே இருப்பார். 1990களின் முற்பகுதியில் ஆலை மூடப்பட்டது. சீனன்குடாப் பக்கம் இன்றும் இயங்கும் பிறிமா மாவாலைக்கோ சீமெந்துத் தொழிற்சாலைக்கோ போகிறவருக்கும் ஓரளவு இந்த வசதி உண்டு: பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் போதும்.

ஆலை போன பிறகு இந்த ஊரின் பல குடும்பங்களுக்கு முதலாளி என்பது ரியாத்திலோ குவைத்திலோ மதில் சூழ்ந்த ஒரு வீடு. பேராற்றிலிருந்தும் சுற்றியுள்ள குடியேற்றங்களிலிருந்தும் வீட்டு வேலைக்குப் பெண்கள் போகிறார்கள்; சாரதியாகவும் துப்புரவுக் கம்பனிகளுக்கும் ஆண்கள் போகிறார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாட்டை விட்டு வேலைக்குப் போனவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல். அந்த ஆண்டில் விசாரித்துப் போனவர்களைவிட கிடைத்ததைப் பிடித்துப் போனவர்களே அதிகம் இருந்திருப்பார்கள். முதலாளியைப் பற்றிய அறிவு ஊருக்குள்ளேயே இருந்த இடத்தில், இப்போது அதைக் கொண்டுவரும் ஒரே வாகனம் போய் வந்தவளின் வாய்.

அந்த வாய்ச்சொல்லின் எடையைப் பார்ப்பதற்கு முன்னால் எதிர்த்தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முதலாளி தொழிலாளியைப் பற்றிச் சொல்வதற்கு இந்த நாட்டில் நூறாண்டுக்கும் மேலாக எழுத்து வடிவம் இருந்துவருகிறது. மலையகத் தோட்டங்களில் அதற்குத் துண்டு என்று பெயர். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் பழைய துரை தரும் துண்டு வேண்டும். இந்த ஆட்களின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுகிறேன் என்பது அதன் சாரம். துண்டு இல்லாத ஆளை அடுத்த துரை எடுக்கமாட்டார். 1921இல் சட்டம் அதை ஒழித்தது. ஆனால் இந்தத் தோட்டம் எப்படிப்பட்டது என்று தொழிலாளி எழுதி அடுத்த தொழிலாளியிடம் கொடுக்கும் ஒரு துண்டு அதற்கு முன்னும் இருக்கவில்லை, பின்னும் வரவில்லை.

வளைகுடாவில் துண்டுக்குப் பல வாரிசுகள். சவூதியில் கஃபீல் எனப்படும் முதலாளி ஓர் ஆளை ஹுரூப் என்று, அதாவது ஓடிப்போனவர் என்று, அறிவித்துவிட்டால் அவர் அந்த நாட்டில் சட்டவிரோதி. அடி தாங்காமல் ஓடினாரா, சம்பளம் இல்லாமல் ஓடினாரா என்பது அந்தப் பதிவில் இராது. கட்டாரில் முதலாளியின் ஆட்சேபனையின்மைக் கடிதம் இல்லாமல் வேலை மாற முடியாது என்ற விதி 2020 செப்டெம்பர் வரை இருந்தது. சவூதி 2021 மார்ச்சில் கொண்டுவந்த தொழிலாளர் சீர்திருத்தத்தில் வீட்டுப் பணியாளர்கள் சேர்க்கப்படவில்லை. இங்கிருந்து ஏஜென்சி அனுப்பும் பயோடேட்டாவில் பெண்ணின் முழுப் படம், உயரம், நிறை, மதம், பிள்ளைகள் எத்தனை, அரபு தெரியுமா, முன்பு எந்த நாட்டில் எத்தனை வருடம் என்று எல்லாம் இருக்கும். அவளுக்கு அந்த வீட்டைப் பற்றிக் கிடைப்பது ஒரு பெயரும் ஒரு தொலைபேசி இலக்கமும், அதிர்ஷ்டம் இருந்தால் மேடத்தின் குரலும்.

நம்முடைய அரசும் அந்தத் தட்டில்தான் பாரத்தைப் போட்டது. 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமானது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் போகக்கூடாது. மற்றவர்களுக்கும் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று விசாரித்து பிரதேச செயலகத்தில் உத்தியோகத்தர் சிபாரிசு செய்ய வேண்டும். 2022இல் இது தளர்த்தப்பட்டது, வயதெல்லை குறைந்தது. அறிக்கையின் நியாய அநியாயம் வேறு விவாதம். எனக்கு உறுத்துவது வேறொன்று. ஒரு பெண்ணின் வீட்டுக்குள் வந்து அவள் பிள்ளை எங்கே தூங்கும் என்று கேட்கத் தெரிந்த நிர்வாகம், அவள் போகிற வீட்டில் அவள் எங்கே தூங்குவாள் என்று அங்கிருந்து வந்தவளிடம் கேட்டு எழுதிவைக்கும் ஒரு படிவத்தை அதே மேசையில் வைக்கவில்லை. குடும்பத்துக்குப் பின்னணி அறிக்கை உண்டு, முதலாளிக்கு இல்லை.

ஆகவே போய் வந்தவள் பேச வேண்டும் என்ற வாதத்தின் முதல் கால் உறுதியாகவே நிற்கிறது: ஒரு பக்கம் மட்டும் பதிவு வைத்திருக்கும் சந்தையில், மறுபக்கத்திடம் நாகரிகத்தின் பெயரால் வாயை மூடச் சொல்வது நடுநிலை ஆகாது.

இரண்டாவது கால் அவ்வளவு உறுதியில்லை. அவள் சொல்வதை நம்பலாமா?

"ராத்தா, வீடு எப்படி?" என்று கேட்டால் வருகிற பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "வீடு நல்லம்டி. மேடம்தான் கொஞ்சம் சத்தம்." இந்தப் பதிலை வைத்து ஒருத்தி விமானம் ஏறலாமா என்றால், ஏறக்கூடாது. ராத்தா பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் "கொஞ்சம் சத்தம்" ஒரு வீட்டில் குரல் உயர்வதாக இருக்கலாம், இன்னொரு வீட்டில் கையில் கிடைத்ததை எறிவதாக இருக்கலாம். "நல்லம்" என்பதற்குச் சம்பளம் தவறாமல் வந்தது என்பது மட்டுமே பொருளாக இருக்கலாம். சம்பளம் வந்தது, அதிகாலை முதல் நள்ளிரவு வரை வேலை, மேடத்தின் தங்கை வீட்டையும் வெள்ளிக்கிழமைகளில் கழுவ வேண்டும், போன் மாதம் ஒருமுறை. இவை எல்லாம் ஒரே "நல்லம்" என்பதற்குள் அடங்கிக் கிடக்கும்.

ஏன் இப்படி மூடிப் பேசுகிறார்கள்? அறியாமை என்று படித்தவர்கள் சொல்வார்கள். அது சோம்பேறித்தனமான விளக்கம். ஒவ்வொரு மௌனத்துக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

முதலாவது நன்றி. பெருநாளுக்கு வளையல் கொடுத்த மேடம், ஊரில் உம்மாவுக்கு ஒப்பரேஷன் என்றதும் முன்பணம் கொடுத்த பாபா. அதே மேடம்தான் கடவுச்சீட்டைப் பூட்டிவைத்தவரும். இரண்டும் உண்மையாக இருக்கும்போது மனம் இனிமையான உண்மையை முன்னே தள்ளும். அதில் குற்றம் காண எனக்கு விருப்பமில்லை; ஆனால் சாட்சியாக எடைபோடும்போது கழிக்க வேண்டிய பாரம் அது.

இரண்டாவது மானம். வீட்டுக்குள் கைநீட்டல் நடந்தது என்று ஒருத்தி சொன்னால், ஊர் முதலில் கேட்பது அந்த வீட்டைப் பற்றி அல்ல, அவளைப் பற்றி. அந்தக் கேள்விக்கு அவள் கணவன், மாமியார், திருமண வயதில் நிற்கும் மகள் எல்லாரும் பதில் சொல்ல வேண்டி வரும். ஆகவே மிக மோசமான வீடுகளைப் பற்றிய சாட்சிகள்தாம் மிகக் குறைவாக வெளிவரும். எந்தப் புள்ளிவிவரமும் இந்த ஓட்டையை முழுதாக அடைக்காது.

மூன்றாவது காசு. வளைகுடா வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணிடம் ஏஜென்சி காசு வாங்குவதில்லை. அவளுக்குத்தான் போகுமுன் ஒரு தொகை கொடுக்கும். பொதுவாக முதல் மூன்று மாதத்துக்குள் அவள் திரும்பினால் அங்குள்ள முதலாளிக்கு ஏஜென்சி பதில்சொல்ல வேண்டும், ஆகவே அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்கும். இடையில் வந்தவள் எதைச் சொன்னாலும் "காசைக் கொடுக்காமல் இருக்கக் கதை கட்டுகிறாள்" என்ற பதில் தயாராக இருக்கும். அந்தப் பதில் சில வேளை உண்மையாகவும் இருக்கும் என்பதுதான் இதன் கொடுமை.

நான்காவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிது, பேசப்படாததும் கூட. அவளை அனுப்பியவர் யார்? கொழும்பு ஏஜென்சியின் பெயர் அவளுக்குச் சரியாக ஞாபகம் இராது. அவளுக்குத் தெரிந்தது சப் ஏஜென்ட்: அடுத்த ஒழுங்கையில் இருப்பவர், உறவுக்காரர், பல வேளை தானே முன்பு போய் வந்த ஒரு பெண். "நான் இருந்த வீட்டுக்காரரின் தங்கச்சிக்கு ஆள் வேணுமாம்" என்று சொல்லும் போய் வந்தவளே கமிஷன் வாங்குகிறவளாகவும் இருக்கலாம். சாட்சியும் தரகும் ஒரே வாயில் இருக்கும்போது கேட்பவள் எதை நம்புவாள்? மறுபக்கம், பாதிக்கப்பட்டு வந்தவள் உண்மையைச் சொன்னால் அந்தச் சொல் ரியாத் வீட்டுக்குப் போய்ச் சேராது. அடுத்த ஒழுங்கைக்குப் போய்ச் சேரும். இந்த ஊரில் பழைய முதலாளியைக் குறைசொல்வது அயலவரைக் குறைசொல்வதாக முடிகிறது. கலியாணத்துக்கும் மையத்துக்கும் முகம் பார்க்க வேண்டியவரைப் பற்றி யார் வாய் திறப்பார்?

இதை 1984இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் தொடங்கிய தபிந்து என்ற சிங்களப் பத்திரிகையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் துலங்கும். வியர்வைத் துளி என்ற பெயரில் வந்த அந்தத் தாளில் ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் தாங்களே எழுதினார்கள். அது பலித்ததற்கு எழுதியவர்களின் துணிச்சல் மட்டும் காரணம் அல்ல. ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கானோர் வேலை செய்தார்கள். விடுதி அறைகளில் பல தொழிற்சாலைப் பெண்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஒருத்தி மிகைப்படுத்தினால் இன்னொருத்தி திருத்துவாள். ஒருத்தி மறைத்தால் இன்னொருத்தி போட்டுடைப்பாள். அதை எழுதியது யார் என்று கண்டுபிடிப்பதும் கடினம். வீட்டு வேலையில் சாட்சி ஒருத்தி மட்டும். அவள் சொன்னதாகத் தெரிந்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். சரிபார்க்க ஆளில்லாத சாட்சி உண்மையாக இருந்தாலும் பலவீனமாகத்தான் நிற்கும்.

2010இல் சவூதியிலிருந்து திரும்பிய பணிப்பெண் ஆரியவதியின் உடலுக்குள் ஆணிகளும் ஊசிகளும் இருப்பதை எக்ஸ்ரே காட்டியது. உலகமே அந்தப் படத்தைப் பார்த்தது. அப்போதும் சவூதித் தரப்பில் அது கட்டுக்கதை என்று சொல்ல ஆள் இருந்தது. எக்ஸ்ரேயோடு வந்தவளுக்கே அந்தக் கதி என்றால், சம்பளம் பிந்தியது, சாப்பாடு போதவில்லை என்று வெறும் வாயோடு வருகிறவளின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே வாய்ச்சொல் பயனற்றது என்று முடித்துவிடலாமா? அது அவசரம். கேள்வியை மாற்றினால் அதே வாயிலிருந்து வேறு தரமான பதில் வரும். "வீடு எப்படி?" என்பது அபிப்பிராயத்தைக் கேட்கும் கேள்வி. மாதச் சம்பளம் எந்தத் திகதியில் கைக்கு வந்தது, வங்கியிலா கையிலா? கடவுச்சீட்டு யாரிடம் இருந்தது? தூங்கிய அறைக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் இருந்ததா? எத்தனை வீடு கழுவினாய்? போன் யார் கையில்? படுக்கையில் கிடக்கும் முதியவர் உண்டா? கைக்குழந்தை உண்டா, பாலூட்டியது யார்? இவற்றுக்கு நன்றியும் மானமும் அவ்வளவாகக் குறுக்கே வரா. கடைசி மாதம் பிந்தித்தான் வந்தது என்று சொல்வதற்கு மேடத்தை வெறுக்க வேண்டியதில்லை. 2014 ஜனவரியில் இலங்கையும் சவூதியும் வீட்டுப் பணியாளர் உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. பணியாளரின் கடவுச்சீட்டு, வங்கி வழிச் சம்பளம் போன்றவை அப்போதே பேசப்பட்டவை. ஆகவே இந்தக் கேள்விகளைக் கேட்பது ஊர்வம்பு அல்ல, ஒப்பந்தத்தைச் சரிபார்ப்பது.

கைக்குழந்தை பற்றிய கேள்வியை வேண்டுமென்றே சேர்த்தேன். இதே மாவட்டத்தின் மூதூரிலிருந்து 2005இல் போன றிஸானா நபீக்குக்கு அப்போது வயது 17. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி அனுப்பியிருந்தார்கள். போன சில வாரங்களில் அவள் பொறுப்பில் விடப்பட்ட நான்கு மாதக் குழந்தை இறந்தது. புட்டியில் பாலூட்டும்போது புரையேறியது என்று அவள் தரப்பு சொன்னது. கொலை என்று நீதிமன்றம் சொன்னது. 2013 ஜனவரி 9 அன்று தலை துண்டிக்கப்பட்டது. குழந்தை வளர்த்தறியாத பிள்ளையைக் குழந்தை வீட்டுக்கு அனுப்பியது யார் என்ற கேள்விக்கு "அந்த வீட்டார் நல்லவர்களா" என்பது விடையே அல்ல. மனிதர்கள் தங்கமாக இருந்தாலும் அந்த வேலை அவளுக்கு உரியதல்ல. நல்லவர், கெட்டவர் என்ற தராசு இங்கே அளக்க வேண்டியதை அளக்காது. அதே நேரம் இந்த வழக்கு வாய்ச்சொல்லின் எல்லையையும் காட்டுகிறது. பொய்யான பிறந்த திகதியை எந்த ராத்தாவின் எச்சரிக்கையும் திருத்தியிருக்காது. அதற்குப் பின்னால் இருந்தது ஒரு வீடு அல்ல, இங்கேயே வேலை செய்த ஒரு சங்கிலி.

இங்கேதான் இந்த விவாதத்தின் மையம் இருக்கிறது என்று நினைக்கிறேன். வீட்டைப் பற்றிய தகவல் ஒரே ஒருத்திக்குத்தான் பயன்படும்: அடுத்து அதே வீட்டுக்குப் போகப்போகிறவளுக்கு. அவள் கந்தளாயில் இருக்கலாம், கென்யாவிலோ பிலிப்பைன்ஸிலோ இருக்கலாம். ரியாத்தின் அத்தனை வீடுகளில் ஒரு குறிப்பிட்ட வீட்டைப் பற்றி ஊர்ச்சந்தியில் சொல்வதால் பயன் அடையும் ஆள் அங்கே நிற்பதற்கான சாத்தியம் மிகக் குறைவு. விசா கைமாறும் வழக்கத்தில், தங்கை, மச்சினி என்று தொடர்ச்சியாகப் போகும்போது மட்டும் அது பெறுமதியானது. ஏஜென்சி அப்படியல்ல. அதே ஏஜென்சி அதே ஊரிலிருந்து இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஆள் எடுக்கும். ஒப்பந்தத்தை மாற்றியது, போன பிறகு போன் எடுக்காதது, பிரச்சினை என்று அழுதபோது "ரெண்டு வருஷம் முடிச்சிட்டு வா" என்றது எல்லாம் அடுத்து அந்த வாசலுக்குப் போகும் எவருக்கும் பயன்படும். ஒரு வீட்டுக்குச் சாட்சி ஒருத்தி. ஓர் ஏஜென்சிக்குச் சாட்சிகள் நூறு. தபிந்துவுக்கு வாய்த்த அந்தச் சரிபார்ப்பு இங்கேதான் கிடைக்கும்.

சர்வதேச தொழிற்சங்கக் கூட்டமைப்பு தொடங்கிய புலம்பெயர் தொழிலாளர் மதிப்பீட்டுத் தளம் இதைச் சரியாகப் பிடித்தது. அது முதலாளி வீட்டுக்கு அல்ல, ஆட்சேர்ப்பு முகவர்களுக்கு மதிப்பெண் கேட்கிறது. இலங்கையும் அதில் உண்டு. மெக்சிகோத் தொழிலாளருக்காக 2014இல் வந்த கொன்ட்ரட்டாடோஸ் முதலாளிகளையும் சேர்த்துக்கொண்டது, ஆனால் அவர்கள் பண்ணைகளும் கம்பனிகளும். ஆண்டுதோறும் கூட்டமாக ஆள் எடுப்பவர்கள். யோசனை நல்லது. கந்தளாய் அளவில் பார்த்தால் ஒரு இடறல் இருக்கிறது: போனவளுக்கு ஏஜென்சியின் உரிமப் பெயர் தெரியாது. அவள் கையில் இருப்பது சப் ஏஜென்டின் வாட்ஸ்அப் இலக்கம். உரிமம் உள்ள கொழும்பு அலுவலகத்துக்கும் அடுத்த ஒழுங்கைக்கும் இடையிலான நூல் எந்த மதிப்பெண் பட்டியலிலும் விழாது. இந்த நூலைப் பிடிக்கக் கூடிய இடம் பிரதேச செயலகம்தான்.

வாட்ஸ்அப் குழுக்களின் குரல்பதிவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை வேகமானவை, சில வேளை உயிரைக் காப்பவை. ஆனால் எந்த ஆண்டில், எந்த ஏஜென்சி வழியாக, யாரிடமிருந்து என்ற விபரம் இல்லாமல் சுற்றும் அழுகுரல் ஒரு நாட்டையே பயமுறுத்தும். ஒரு ஏஜென்சியையும் அடையாளம் காட்டாது. போகவேண்டிய நிர்ப்பந்தம் உள்ளவளுக்குப் பயம் தகவல் ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையில் 2002இல் குற்றவியல் அவதூறு நீக்கப்பட்டது. அவதூறுக்காகச் சிறை என்ற பயம் அதோடு போனது. சிவில் வழக்கு உண்டு. ரோமன் டச்சுச் சட்டத்தில் சொன்னது உண்மை என்பது மட்டும் போதாது, அதைச் சொல்வதில் பொதுநன்மையும் இருக்க வேண்டும். ஆனால் சொல்பவருக்குச் சொல்லும் கடமையும் கேட்பவருக்குக் கேட்கும் உரித்தும் உள்ள இடத்தில், கெட்ட நோக்கமின்றிச் சொன்னதற்குப் பாதுகாப்பு உண்டு. வேலைக்காரரைப் பற்றி ஒரு முதலாளி இன்னொருவருக்கு நற்சான்றோ துர்ச்சான்றோ எழுதுவதற்கு இந்தப் பாதுகாப்பைத்தான் வழக்கறிஞர்கள் உதாரணமாகக் காட்டுவார்கள். அதையே திருப்பிப் போட்டால் என்ன? அந்த வீட்டுக்குப் போகப்போகிறவளிடம் நேரில் சொல்கிறவளின் நிலை அந்த முதலாளியின் நிலையைவிட எந்த வகையிலும் பலவீனமானது அல்ல. முகநூலில் பெயரும் படமும் போட்டு எழுதுவது வேறு கதை. 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அதற்கு மேல் இன்னொரு நிழலை விழுத்தியிருக்கிறது. இன்னும் வளைகுடாவிலேயே வேலையில் இருக்கிறவளானால் எழுதவே கூடாது: உதாரணமாக, ஐக்கிய அரபு இராச்சியத்தில் இணையவழி அவமதிப்பும் அவதூறும் 2021இன் சட்டப்படி குற்றம்.

என் தீர்ப்பு மூன்று துண்டாகத்தான் வருகிறது. ஒன்றாகச் சேர்த்தால் பொய்யாகிவிடும்.

குறிப்பிட்ட வீட்டுக்குக் குறிப்பிட்டவள் போகிறாள் என்று தெரிந்தால், அங்கிருந்து வந்தவள் சொல்லியே ஆக வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். கமிஷன் வாங்குகிறவளாக இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதை மறைத்துச் சொல்லும் "வீடு நல்லம்" மேலே சொன்ன எல்லா மௌனங்களையும்விடக் கெட்டது. இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

தனிப்பட்ட வீட்டுக்காரரின் பெயரை ஊரறியப் பட்டியலிடுவதை நான் ஏற்கமாட்டேன். சாட்சி ஒருத்தி, சரிபார்ப்பு இல்லை, பயன் மிகக் குறைவு, பொய்க்கும் பழிவாங்கலுக்கும் வாசல் அகலம். அந்தப் பட்டியல் இருக்க வேண்டிய இடம் அரசின் கை. பிலிப்பைன்ஸ் வெளிநாட்டு முதலாளிகளைத் தகுதிநீக்கம் செய்கிறது. தகுதிநீக்கப்பட்டவருக்கு அந்த நாட்டிலிருந்து ஆள் போவதில்லை. தன் ஊரில் இருந்துகொண்டு உலகத்தின் வீடுகளை எடைபோட முடியாத தனிமனிதர் தலையில் இந்த வேலையைக் கட்டுவது நியாயமல்ல.

ஏஜென்சியைப் பற்றியும் சப் ஏஜென்டைப் பற்றியும் பேசுவது எவ்வளவுக்குப் பகிரங்கமோ அவ்வளவுக்கு நல்லது. ஆனால் இதைப் போய் வந்தவளின் துணிச்சலில் மட்டும் விட்டுவிடக் கூடாது. அவள் அயலவரோடு பகைக்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் முறைப்பாடுகளை நாடுவாரியாகவும் வகைவாரியாகவும் தொகுக்கிறது: சம்பளம் கொடுக்காமை, தொடர்பின்மை, துன்புறுத்தல் என்று. ஆய்வாளனுக்கு அது போதும். ஆனால் சவூதியிலிருந்து எத்தனை முறைப்பாடு என்று தெரிந்து கந்தளாய்ப் பெண் என்ன செய்வாள்? அவளுக்கு வேண்டியது கையெழுத்துப் போடப்போகும் இந்த ஏஜென்சியின் மேல் எத்தனை, எத்தனை தீர்ந்தது என்ற கணக்கு. கட்டுநாயக்கவில் பணியகம் நடத்தும் சகன பியச நிலையத்துக்கு நொந்து வரும் பெண்களிடம் அந்தத் தகவல் சுடச்சுட இருக்கிறது. குடும்பப் பின்னணியை எழுதிய அதே பிரதேச செயலக மேசையில், திரும்பி வந்தவளிடம் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டு, அனுப்பிய ஏஜென்சியின் உரிம இலக்கத்தையும் இடையில் நின்ற ஆளையும் பதிந்து வைத்தால், அவள் ஒழுங்கையில் நின்று யாரையும் திட்ட வேண்டியதில்லை. அடுத்தவள் வந்து கேட்கும்போது உத்தியோகத்தர் பெயர் சொல்லாமல் கணக்கை மட்டும் சொல்லலாம்.

அது வரும் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பணியகத்துக்கும் பொருந்தும். ஓர் ஏஜென்சியின் பெயரைக் குறிப்பிட்டு, கடந்த ஐந்து ஆண்டில் அதன் மேல் வந்த முறைப்பாடுகள் எத்தனை என்று எழுத்தில் கேட்டால் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வர்த்தக இரகசியம் என்று மறுத்தால், பொதுநலன் மேலோங்கும்போது அந்த விலக்கு நில்லாது என்று அதே சட்டம் சொல்கிறது, மேன்முறையீடு செய்யலாம். பெட்டி கட்டுகிறவள் இதைத் தனியே செய்வாள் என்று எதிர்பார்ப்பது பகற்கனவு. ஊரில் பள்ளிவாசல் நிர்வாகமும் மாதர் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் இருக்கின்றன. கடிதம் எழுதத் தெரிந்த ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

இதற்கு எழும் ஒரே கனமான ஆட்சேபம்: இப்படிக் கேள்வி கேட்கும் ஊர் என்று பெயர் எடுத்தால் ஏஜென்சிகள் கந்தளாயை விட்டு வேறு ஊருக்குப் போய்விடும், வேலை போகும். போகலாம், சில போகும். சில கேள்விகளுக்கும் ஒரு கடிதத்துக்கும் பயந்து ஊரைவிட்டுப் போகிற ஏஜென்சி எது என்று யோசித்துப் பார்த்தால், அது போவதை இழப்புப் பக்கத்தில் எழுத என்னால் முடியவில்லை. நல்ல ஏஜென்சிக்கு இதே கணக்கு இலவச விளம்பரம்.